லாரி விற்பனைக்கு இல்லை

அன்பு மைத்துனனுக்கு, உன் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். மூவர் என்றால் நான், உன் அக்காள், லாரி. அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கோபித்துக்கொள்ளாதே, பிறகு விசாரித்துக்கொள்கிறேன், இப்போது எனக்கு அவசரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் லாரியை விலைக்குப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதாக அக்காளிடம் போனில் சொன்னாயாம். வேண்டாம். அந்த ஆளை அவர் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கச் சொல். சத்தம் நின்றுவிட்டது, புகை நின்றுவிட்டது, லாரி விற்பனைக்கு இல்லை. இதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பாய். சில விஷயங்களை எழுத்தில் சொன்னால்தான் மரியாதை. தவிரவும் போனில் நீ பேசுகிற வேகம் இருக்கிறதே, சரி, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உனக்குப் புரியும். முப்பத்தொரு வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். அதில் இருபத்தாறு வருஷமாக இந்த லாரிதான். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒயர் சுருள்களும், முன்னால் நான், எனக்குப் பக்கத்தில் உன் அக்காள். அவள் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட நான் இறக்கியதில்லை. ஒயரை எந்தப் பக்கமாக இழுத்தால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள் என்பதிலிருந்து, எந்தப் பேச்சாளர் ‘இத்துடன் முடிக்கிறேன்’ என்று சொன்ன பிறகு எத்தனை நிமிஷம் பேசுவார் என்பது வரை அவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவள் மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு கட்டடத் திறப்பு விழா முடிந்து திரும்பும்போது, பாதி வழியில் ஒரு பாலத்தின் மேல், “வண்டியை நிறுத்துங்க” என்றாள். நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “தலை வெடிக்குது. புகை முழுக்க உள்ளதான் வருது. அதுக்கு மேல இந்த டிக் டிக் டிக்னு ஒரு சத்தம். ஒரு வாரமா வீட்டுல சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டறீங்க. இனிமே இந்த வண்டியில நான் ஏறமாட்டேன்” என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். அது எங்கள் வீட்டுக்கு எதிர்த்திசையில் போகிற பஸ். கோபத்தில் அதைக்கூட அவள் பார்க்கவில்லை. வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று.

அன்றிலிருந்து விழா எங்கே நடந்தாலும் நான் லாரியில் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். எனக்கு முன்பே போய்ச் சேர்ந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வைத்துப் பார்த்தேன், வளைவில் திரும்பும்போது அது என் மேல் சாய்ந்ததே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த நிலைமையில்தான் நீ போனில் ஆள் கூட்டி வருவதாகச் சொன்னாய். உன் அக்காள் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: “அடுத்த வார ஞாயித்துக்கெழமைக்குள்ள சத்தமும் புகையும் நின்னா வண்டி இருக்கும். இல்லன்னா தம்பி கூட்டிட்டு வர்ற ஆளு ஓட்டிட்டுப் போகட்டும்.” நானும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

இந்த இடத்தில் உனக்கு ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். படித்துவிட்டு உன் மனைவியிடம்கூடச் சொல்லாதே, அவள் உன் அக்காளிடம் சொல்லிவிடுவாள். மச்சான், அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றவனுக்கு வேறென்ன ஆகும்? கனத்த சத்தம் கேட்கும். லாரி உறுமுவது கேட்கும். முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசினால் கேட்கும். மெல்லிசான சத்தம், கூர்மையான சத்தம், அடுத்த அறையிலிருந்து பேசுவது, போனில் நீ பேசுவது, இதெல்லாம் போய் நாலு வருஷம் ஆகிறது. வாயசைவைப் பார்த்து, சிரிக்கிற இடத்தில் சிரித்து, தலையாட்டுகிற இடத்தில் ஆட்டி இதுவரை ஓட்டிவிட்டேன், ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கேட்காத சத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டு நான் பட்ட பாட்டை இனிமேல் கேள்.

முதலில் மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் பேட்டையில் அவருக்குப் பெருமூச்சு என்று பெயர். எந்த வண்டியின் பானெட்டைத் திறந்தாலும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார், அந்த மூச்சின் நீளத்தை வைத்தே வேலை எத்தனை நாள் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். அவர் பட்டறையில் பக்கத்திலேயே ஒரு பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் லாரியின் பானெட்டுக்குள் தலையை விட்டு ஏதோ செய்துவிட்டு, “இப்ப சத்தம் வருதா சார்?” என்றார். நான் சாலை ஓரத்தில் நின்று, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, கச்சேரி கேட்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “வருது, வருது, நல்லாவே வருது” என்றேன். பெருமூச்சு என்னை ஒரு பார்வை பார்த்தார். “சார், உங்க வண்டி இன்ஜினை நிறுத்தி அஞ்சு நிமிஷம் ஆச்சு. அது பஸ்ஸு.” நான் உடனே, “இல்லப்பா, மனசுக்குள்ள கேக்குதுன்னு சொன்னேன்” என்று சமாளித்தேன். அவர் அன்றைக்கு விட்ட பெருமூச்சு இதுவரை எந்த வண்டிக்கும் விட்டதில்லை. பஸ் வேலை முடிய ஒரு வாரம் ஆகும், சத்தமும் புகையும் வருகிற ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் அடைத்துத் தருவது அரை நாள் வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆக, துப்புத் துலக்கும் வேலை என் தலையில் விழுந்தது. துப்புத் துலக்குகிறவன் முதலில் சாட்சிகளைத்தானே விசாரிக்க வேண்டும்? பக்கத்து வீட்டு டெய்லரைக் கூப்பிட்டு இன்ஜினை ஓடவிட்டேன். “தையல் மெஷின்ல ஊசி வளைஞ்சு தகட்டுல இடிக்குமே, அப்படி இருக்குண்ணே” என்றார். எதிர் வீட்டுப் பாட்டு டீச்சரைக் கேட்டேன். அந்த அம்மாள் வாசலில் நின்றபடியே தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, “நாலு தட்டுக்கு ஒரு தட்டை முழுங்குது. மூணு வாரமா என் வகுப்புல எல்லாரும் உங்க லாரி தாளத்துக்குத்தான் பாடறாங்க. சீக்கிரம் சரி பண்ணுங்க” என்றாள். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டால் டெய்லர் முன்பக்கம் என்கிறார், டீச்சர் அடிப்பக்கம் என்கிறாள், உன் அக்காள் எல்லாப் பக்கமும் என்கிறாள். மூன்று பேருக்கும் நான், “கரெக்ட், எனக்கும் அப்படித்தான் தோணிச்சு” என்றேன்.

டெய்லர் ஒரு யோசனை சொன்னார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இன்ஜினில் இடம் இடமாகக் காட்டினால் ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் பளிச்சென்று கேட்குமாம். குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் அத்தனையும் என் காதுக்குள் இறங்கிச் சட்டை வரைக்கும் நனைத்தது. கேட்கிற காது அது ஒன்றுதான், அதுவும் இரண்டு நாள் கொழகொழவென்று இருந்தது. அடுத்து, சைலன்சர் வாயை ஈரத்துணியால் அடைத்தால் புகை போக வழியில்லாமல் ஓட்டை வழியாகச் சீறும் என்றார்கள். அடைத்தோம். துணி பத்தாமல் டெய்லர் வீட்டுக் கந்தல்களையும் சேர்த்து உருட்டித் திணித்தோம். நான் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். துணி உருண்டை பறந்துபோய், திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பாட்டு வகுப்புக்குள் விழுந்தது. ஒரு பெண்மணி அப்போது மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டிருந்தாளாம், அவள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள் என்று டெய்லர் சொன்னார். டீச்சர் துணியை இடுக்கியால் பிடித்துக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள். அதில் பாதி, யாரோ ஒருவர் தைக்கக் கொடுத்திருந்த புதுச் சட்டை.

இப்படி நாலு நாள் வீணாகிப்போனதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் யார்? மைக் செட்காரன். ஒருவர் வாய்க்குள் முனகுவதை ஊர் முழுக்கக் கேட்க வைப்பதுதானே என் தொழில்? மனுஷன் பேசுவதற்கு மைக் வைக்கலாம் என்றால் லாரி பேசுவதற்கு ஏன் வைக்கக் கூடாது? போன ஞாயிறு காலை உன் அக்காள் காய்கறி வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து, வாசல் படியில் தெருவைப் பார்த்து இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை வைத்தேன், ஆம்ப்ளிஃபயரை இணைத்தேன், இருப்பதில் நல்ல மைக்கை எடுத்து பானெட்டுக்குள் தொங்கவிட்டேன், டெய்லரை இன்ஜினைப் போடச் சொன்னேன். போட்டதும் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. “அண்ணே, விசில் அடிக்குது, விசில் அடிக்குது” என்று டெய்லர் கையை ஆட்டினார். மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்ததும் எல்லோரும் கையை எடுத்தார்கள். அதன்பிறகு வந்தது பார், மச்சான். டிக். டிக். டிக். எனக்குக் கேட்டது! மூன்று வாரமாக ஊரே சொன்ன சத்தம், என் பெட்டியிலிருந்து, என் நெஞ்சில் வந்து இடித்தது. நாலாவது தட்டை முழுங்கியதுகூடத் தெரிந்தது. தெருவில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் குதித்தேன். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் மைக்கை எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் அதே டிக் டிக்தான், இடம் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் நானும் டெய்லரும் மைக்கோடு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டோம். அங்கேயும் அதே கதைதான். இன்ஜினை நிறுத்திவிட்டு, மைக்கை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, மல்லாந்து சைலன்சரைப் பார்த்தபடி கிடந்தேன். அலுப்பாக இருந்தது. டெய்லர் நல்ல மனுஷர், அவரிடம் மனதைத் திறந்து கொட்டிவிட்டேன். “டெய்லர், உமக்கு மட்டும் சொல்றேன். எனக்குப் பாதி காதுதான். அவ வீட்டுல சமையல்கட்டுலேருந்து பேசறது ஒண்ணும் எனக்கு விழறதில்ல. என்ன சொன்னான்னு திருப்பிக் கேட்டா தெரிஞ்சு போயிடுமேன்னு சிரிச்சு வைப்பேன். ஆனா லாரியில மட்டும் எல்லாம் கேக்கும். அவ உக்கார்ற பக்கம்தான் என் நல்ல காது. இன்ஜின் சத்தத்துக்கு மேல பேசணும்னு அவளும் கத்துவா. இருபத்தாறு வருஷமா ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசியே பழகிட்டோம். அங்கேதான் அவ சொல்றது ஒரு வார்த்தை விடாம எனக்குக் கேக்கும். வண்டியை வித்துட்டா அப்புறம் அவ குரலை நான் எங்கே போய்க் கேக்கறது?” என்றேன். லாரிக்கு அடியில் படுத்துப் பேசினால் குரல் எடுப்பாக இருக்கும்போலிருக்கிறது, அன்று என் குரல் எனக்கே கம்பீரமாகப் பட்டது. டெய்லர் அப்படியே உருகிவிட்டார். என் கையை இறுகப் பிடித்து உலுக்கினார், வாயில் விரலை வைத்துக் காட்டினார், என் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “உங்க ரகசியம் என் நெஞ்சோட இருக்கும்” என்று அர்த்தம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்கத்து வீட்டுக்காரர் கிடைப்பது பெரிய விஷயம்.

வெளியே ஊர்ந்து வந்து பார்த்தால் பாட்டு வகுப்பு நின்றுபோய், டீச்சரும் அவளிடம் படிக்கும் பெண்மணிகளும் வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். புகை கரித்திருக்கும், பாவம். உன் அக்காளும் காய்கறிப் பையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. “எப்ப வந்தே?” என்று கேட்டேன். என் முகத்துக்கு நேரே வந்து நின்று, “இப்பத்தான்” என்றாள். நல்லவேளை, ஒரு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என் குட்டு உடைந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்தத் தெருவில் எனக்கு ஒரு தனி மரியாதை வந்திருப்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும். யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை, சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்று, நிறுத்தி நிதானமாக, உரக்கப் பேசுகிறார்கள். பால்காரர் எத்தனை பாக்கெட் என்பதை விரலால் காட்டுகிறார். பாட்டு டீச்சர் தினமும் கைகூப்பி வணக்கம் சொல்கிறாள். லாரிக்கு மைக் வைத்த மூளைக்கு இதுகூடக் கிடைக்காதா என்ன?

அன்று மத்தியானமே உன் அக்காள் சோப்புத்தூள் டப்பாவை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். என் முகத்தைப் பார்த்து, “கேக்கற வேலையை விடுங்க. கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது பண்ணலாம். பெட்டியில தூசி ஊதற ப்ளோயர் இருக்குல்ல? அதை சைலன்சர்ல வச்சுக் காத்து விடுங்க. மேல சோப்புத் தண்ணி பூசினா ஓட்டை இருக்கற எடத்துல நுரை வரும்” என்றாள். சைக்கிள் டியூபுக்குத் தண்ணீரில் குமிழி பார்க்கிற அதே வித்தை. எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அதைவிட, என் வேலைக்குக் காது உதவாது என்பது போலவே அவள் ஏன் பேசினாள் என்று அரை நிமிஷம் யோசித்தேன். யோசிக்க நேரமில்லை, ஆரம்பித்துவிட்டோம். இன்ஜின் ஆறியிருந்தது. சைலன்சர் வாயில் ப்ளோயரை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினோம். டெய்லர் ப்ளோயரைப் பிடித்துக்கொண்டார், உன் அக்காள் டார்ச் அடித்தாள், நான் பெயிண்ட் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரைப் பூசிக்கொண்டே போனேன். டப்பாவில் பாதியைக் கரைத்துவிட்டேன் என்பது பூசிய பிறகுதான் தெரிந்தது. குமிழிகள் கிளம்பிப் பானெட்டைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, தெருவுக்குப் போயின. பாட்டு வகுப்புப் பெண்மணிகள் வெளியே ஓடிவந்து கையால் பிடித்துப் பிடித்து உடைத்தார்கள். எல்லாருமே ஆபீஸ் போகிற, பிள்ளை பெற்ற பெண்கள். டீச்சரே நாலு பிடித்தாள். அந்தக் கூத்துக்கு நடுவில், புகைக்குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்தில், முன்னாலிருந்து மூன்றாவது நட்டுக்கு அடியில், ஒரு குமிழி மெல்ல உப்பியது. எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று உப்பியது. “அங்க பாருங்க!” என்று உன் அக்காள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என் தோளைத் தொட்டாள், மச்சான். தெருவே கை தட்டியது, அதை நான் கண்ணாலேயே பார்த்தேன்.

நேற்று லாரியைப் பெருமூச்சிடம் கொண்டுபோனேன். பஸ் போய்விட்டிருந்தது. மூன்றாவது நட்டு துருவேறித் தளர்ந்து, உள்ளே இடைவெளியை அடைத்திருந்த கேஸ்கெட் தகடு கருகி ஒரு பக்கம் அரித்துப்போயிருந்தது. அந்த வழியாகத்தான் புகை கேபினுக்குள் வந்திருக்கிறது. நட்டைக் கழற்றப் போனால் போல்ட்டே இரண்டாக முறிந்து வந்துவிட்டது. சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டு, முறிந்த துண்டைச் சூடுகாட்டித் திருகி எடுத்து, புது போல்ட், புது கேஸ்கெட், எல்லா நட்டும் புதுசு என்று போட்டார். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முறுக்க வேண்டுமாம், ஒரே பக்கமாக இறுக்கினால் மறுபடி தூக்கிக்கொள்ளுமாம். கடைசி முறுக்கை என்னையே போடச் சொன்னார். சைலன்சருக்கும் ஒரு பட்டை கட்டி, கேபின் தரையில் கனமான ஒரு பாயையும் விரித்து, இன்ஜினைப் போட்டார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் காதருகே வந்து, “இனிமே நீங்களும் அம்மாவும் கேபின்ல ரகசியமே பேசலாம் சார்” என்று கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! சத்தம் இருந்ததால் அல்லவா அவள் கத்தினாள்? அவள் கத்தியதால் அல்லவா எனக்குக் கேட்டது? இனி அவள் ஏறி உட்கார்ந்து, வீட்டில் பேசுகிற மாதிரி மெல்லப் பேசுவாள், நான் வீட்டில் சிரிக்கிற மாதிரி சிரித்து வைப்பேன். வீடு வந்து சேர்ந்ததும், ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்றாவது நட்டின் முன்னால் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அரைச் சுற்று போதும். அரைச் சுற்று தளர்த்தினால் டிக் டிக் திரும்பி வந்துவிடும், அவளும் கத்துவாள். ஆனால் அந்தப் பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நிலை கண் முன்னால் வந்தது. ஸ்பேனரைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். எனக்குக் கேட்காவிட்டால் போகிறது, அவளுக்குத் தலைவலி வரக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பொய் சொல்வானேன், முழுக்கத் தேறவில்லை.

நாளைக் காலை ஒரு கூட்டத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிறோம். மூன்று வாரத்துக்குப் பிறகு உன் அக்காள் ஏறப்போகிறாள். அவள் இடத்தைத் துடைத்து, ஜன்னல் கண்ணாடியைக்கூடத் தேய்த்து வைத்திருக்கிறேன். ஆகவே மேற்படி ஆளைக் கூட்டிவர வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். நீ மட்டும் வருவதானால் தாராளமாக வா. உன் மனைவிக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல். உன் வீட்டு வண்டிகளின் நட்டுகள் அத்தனையும் முறுக்குக் குலையாமல் நீடூழி இருக்கட்டும். காது விஷயம் நம் இருவரோடும் டெய்லரோடும் இருக்கட்டும். கடிதத்தை ஒட்டித் தபாலில் போட உன் அக்காளிடமே கொடுக்கிறேன், அவள் பிறர் கடிதத்தைப் பிரிக்கிறவள் அல்ல.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை விரும்பும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, இது அக்கா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். டெய்லரோட இருக்கட்டும்னு எழுதியிருக்காரே, அன்னைக்கு மைக்கை அவர் அணைக்கவே இல்ல. நெஞ்சு மேல மைக்கை வச்சுக்கிட்டு அவர் பேசினது ரெண்டு பெட்டி வழியா நாலு தெருவுக்கும் கேட்டுச்சு. மைக் ஓடுதுன்னு டெய்லர் கையப் பிடிச்சு உலுக்கியிருக்கார், மைக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டியிருக்கார், இவர் அதுக்கு வேற அர்த்தம் பண்ணிக்கிட்டார். நான் தெருமுனையில பையோட நின்னு முதல் வார்த்தையிலேருந்து கேட்டேன். நாலு வருஷமா நான் என்ன சொன்னாலும் சிரிச்சுக்கிட்டே தலையாட்டறாரே, தங்கமான மனுஷன்னு இருந்தேன். நான் திட்டினதுல பாதி வீணாப் போயிருக்கு. காது டாக்டரை மெதுவாப் பாத்துக்கலாம், அதுக்கு அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு எனக்குத் தெரியும்.

இன்னைக்குக் காலையில வண்டியில போயிட்டு வந்தோம். சுத்தமா சத்தமே இல்ல, புகை இல்ல, தலைவலி இல்ல. ஏறி உக்காந்ததும் அவர் என் வாயையே பாத்தார், ரோட்டைப் பாக்கல. நான் அவர் காதுகிட்ட சாஞ்சு, பழையபடி தொண்டை கிழியக் கத்திப் பேசினேன், போகவர ரெண்டு மணி நேரமும். “ஏன் கத்தறே, சத்தம்தான் நின்னுடுச்சே?”ன்னு கேட்டார். “எங்க நின்னுச்சு? டிக் டிக்னு அப்படியே இருக்கு, உங்களுக்குக் கேக்கலையா?”ன்னேன். “கேக்குது, கேக்குது, நல்லாவே கேக்குது”ன்னார். அவர் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் மிச்ச சோப்புத்தூளை எடுத்துக்கிட்டு பானெட்டைத் திறந்துட்டார். ஞாயித்துக்கெழமை நீ மட்டும் வா. வண்டியில ஏறினா நீயும் கத்தியே பேசு.